டேப்பர் துளையும் கேஜின் கோடும்

சென்ற அத்தியாயத்தில் ஈஎன்8 கம்பி ஒன்றை இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து, வெளிப்பக்கத்தை 40 மி.மீ. விட்டத்துக்கு முடித்து வைத்தோம். நீளம் 95 மி.மீ. இந்த அத்தியாயத்தில் அதற்குள் எம்டி2 டேப்பர் துளை போடப் போகிறோம். முடிந்ததும் அது டூல் போஸ்டில் உட்காரும் ஹோல்டர் ஆகிவிடும். டிரில் சக்கை அதில் மாட்டி, டெயில் ஸ்டாக் சக்கரத்தைக் கைவலிக்கச் சுற்றாமல், சாடிலின் ஆட்டோ ஃபீடிலேயே துளை போடலாம். வீட்டில் நாலரை அடி லேத் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

டேப்பர் துளை என்றதும் பலர் ரீமரை வாங்கி வந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரீமர் துளைக்குள் ஓடுவது மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இல்லை. அதற்கு முன்னால் ஜாபைச் சென்டர் எடுப்பதும், பின்னால் கேஜ் விட்டுப் பார்ப்பதும்தான் வேலை. என்னுடைய முதல் ஹோல்டர் குப்பைக்குப் போனதற்குக் காரணம் நான் இதை உணராததுதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் சில அளவுகள். அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டில் 1864-ல் டிரில் தயாரிக்கும் கம்பெனி தொடங்கிய ஸ்டீஃபன் மோர்ஸ் பெயரால் வழங்குவது இந்த டேப்பர். எம்டி2-க்கு, கேஜ் கோட்டில், அதாவது துளையின் வாயில், விட்டம் 17.780 மி.மீ. அங்கிருந்து உள்ளே போகப் போக, 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். துல்லியமாகச் சொன்னால் 20.020-க்கு 1. எம்டி1-க்கு இது 20.047, எம்டி3-க்கு 19.922. எல்லாம் இருபதுக்கு ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒரு நம்பருக்கு டாப் ஸ்லைடில் வைத்த கோணத்தை அப்படியே அடுத்த நம்பருக்கும் பயன்படுத்தக் கூடாது.

இந்த 'இருபதுக்கு ஒன்று' கணக்கை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் 0.05 மி.மீ. கூடினால் கேஜ் 1 மி.மீ. உள்ளே இறங்கும். தலைமுடி பருமன் அளவுக்குத் துளை பெரிதானாலே கேஜின் கோடு கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்துவிடும். உள் விட்டத்தை அளக்கும் விலை உயர்ந்த கருவி இல்லாமலேயே வீட்டுப் பட்டறையில் இந்த வேலையைச் செய்ய முடிவது இதனால்தான். ஒரு சாதாரண வெர்னியரை வைத்துக் கோட்டுக்கும் முகப்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால் போதும், துளையின் விட்டம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்துவிடும்.

இதே கணக்கு காலையும் வாரும். எம்டி2 ஷாங்கில் கோட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தோளுக்கும் இடைவெளி வெறும் 5 மி.மீ. தான். துளை 0.25 மி.மீ. பெரிதாகிவிட்டால் கோடு 5 மி.மீ. உள்ளே போய்விடும். டேப்பர் இறுகுவதற்கு முன்பே தோள் முகப்பில் இடித்து நிற்கும். கையால் தள்ளிப் பார்த்தால் நன்றாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். டிரில் இரும்பைக் கடித்த நொடியில் ஷாங்க் துளைக்குள் சுற்ற ஆரம்பிக்கும். டிரில்லிங் மெஷின் ஸ்பிண்டிலிலும் இதே கதைதான். அங்கே ஷாங்கின் வால் அடியில் போய் முட்டும், டேப்பர் பிடிக்காது. எனவே துளை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், ஆழம் தவறினால் அது பயன்படாத துளை.

சென்டர் எடுப்பது

ட்ரூ சக் வேண்டாம். மூன்று ஜாவும் சேர்ந்து நகரும் அந்தச் சக்கில் ஜாப் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக் முடிவு செய்யும். பழைய சக்காக இருந்தால் 0.1 மி.மீ. வரைகூட அடிக்கும். டாக் சக்கைப் போடுங்கள். நாலு ஜாவும் தனித்தனியாக நகரும் என்பதால் முடிவு நம் கையில் இருக்கும்.

வெளிப்பக்கம் ஏற்கனவே முடிந்த ஜாப் இது, ஜா பதிந்த தழும்பு விழக் கூடாது. இரண்டு மி.மீ. செம்புக் கம்பியை நாலு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு ஜாவுக்கும் ஜாபுக்கும் நடுவே குறுக்காக வையுங்கள். மின் வயரிலிருந்து உரித்த கம்பியே போதும். இது தழும்பைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. ஜாவின் முழு நீளமும் ஜாபை அழுத்திப் பிடித்தால் அது வளைந்த பக்கமே நிற்கும், திருத்த முடியாது. கம்பி ஒரே இடத்தில் மட்டும் பிடிப்பதால் ஜாபின் மறுமுனையைத் தட்டி நேராக்க இடம் கிடைக்கும்.

30 மி.மீ. சக்குக்குள் இருக்கட்டும். டயல் கேஜை மேக்னட் பேஸில் பொருத்தி, முள்ளைச் சக்குக்கு மிக அருகில் ஜாபின் மேல் வையுங்கள். சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு நேரத்தில் எதிரெதிரான இரண்டு ஜாவை மட்டும் பாருங்கள், மற்ற இரண்டையும் மறந்துவிடுங்கள். முதல் ஜா மேலே வரும்போது டயல் 0.40 காட்டுகிறது, எதிர் ஜா மேலே வரும்போது 0 காட்டுகிறது என்றால், ஜாப் நகர வேண்டிய தூரம் 0.40 அல்ல, அதில் பாதி, 0.20. புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இங்கே தவறுகிறார்கள். முழுதாக நகர்த்தி, எதிர்ப்பக்கம் 0.40 ஆக்கிவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் தள்ளி, ஒரு மணி நேரம் இப்படியே ஓடிவிடும். குறைவாகக் காட்டும் பக்கத்து ஜாவை முதலில் லேசாகத் தளர்த்தி, அப்புறம் எதிர் ஜாவை இறுக்குங்கள். இரண்டையும் இறுக்கிக்கொண்டே போனால் ஜாப் நகராது, சக்கின் ஸ்க்ரூதான் கெடும்.

சக் அருகில் 0.02-க்குள் வந்ததும் டயலை ஜாபின் வெளிமுனைக்கு நகர்த்துங்கள். இங்கே ஜாவைத் தொடவே கூடாது. செம்புச் சுத்தியால், டயல் அதிகம் காட்டும் இடத்தை மெதுவாகத் தட்டுங்கள். வெளிமுனை சரியானதும் மறுபடி சக் அருகில் பாருங்கள், அங்கே சிறிது கெட்டிருக்கும். திருத்திவிட்டு மறுபடி வெளிமுனை. மூன்று, நாலு தடவை போய் வந்தால் இரண்டு இடத்திலும் முள் அசையாமல் நிற்கும் நேரம் ஒன்று வரும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'சென்டர் வந்துவிட்டது' என்று சொல்வது பெரிய ஏமாற்றம். சக் அருகில் சுத்தமாக ஓடும் ஜாப் வெளிமுனையில் கோணிக்கொண்டு போகலாம். அப்படிப் போட்ட துளை உள்ளே நடுவிலும் வாயில் விலகியும் இருக்கும்.

சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதீர்கள். கையுறை வேண்டாம். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் லேத் அருகே வரக் கூடாது. கண்ணாடி போடுங்கள்.

டெயில் ஸ்டாக்

ரீமரை முன்னுக்குத் தள்ளப் போவது டெயில் ஸ்டாக். அது சென்டரில் இல்லாவிட்டால் இதுவரை எடுத்த பாடு வீண்.

இங்கேதான் என் முதல் ஹோல்டரின் கதை. கோவையில் ஒரு பழைய லேத்தை வாங்கி, டெயில் ஸ்டாக்கைப் பார்க்காமலேயே துளை போட்டேன். துளை பளபளவென்று வந்தது. டிரில் சக்கை மாட்டினேன், உட்கார்ந்தது. பத்து மி.மீ. டிரில்லைக் கொடுத்ததும் 'கிரீச்' என்று ஒரு சத்தம், சக்கின் ஷாங்க் துளைக்குள்ளேயே சுற்றியது. வெளியே எடுத்தால் ஷாங்கின் வால் பக்கம் மோதிரம் மோதிரமாகக் கோடு. ஷாங்கும் போயிற்று, ஹோல்டரும் போயிற்று.

எனக்கு லேத் கற்றுக்கொடுத்த மூத்த டர்னரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் டயலோ புளூவோ எதையும் தேடவில்லை. நல்ல ஷாங்க் ஒன்றைத் துளைக்குள் விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். 'கிளுக், கிளுக்' என்று கேட்டது.

"வாய் அகண்டு போச்சுங்க தம்பி. உள்ள மட்டும்தான் புடிக்குது. உங்க டெயில் ஸ்டாக் தாழ்ந்திருக்கும் பாருங்க" என்றார். பிறகு சொன்னார்: "ரீமருக்குக் கண்ணு கிடையாதுங்க. நீங்க எங்க தள்ளுறீங்களோ அங்கதான் போகும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டெயில் ஸ்டாக் 0.12 மி.மீ. தாழ்ந்திருந்தது. வருடக் கணக்கில் பெட்டின் மேல் முன்னும் பின்னும் ஓடி அடிப்பக்கம் தேய்ந்த லேத்களில் இது சாதாரணம். ரீமரின் முனை துளையில் நுழைந்து தன் வழியைப் பிடித்துக்கொள்கிறது, பின்பக்கம் மட்டும் கீழே இழுக்கப்படுகிறது. அதனால் வாய் அருகில் அது கூடுதலாக அறுத்துத் தள்ளுகிறது.

நீங்கள் இதை முன்பே பார்த்துவிடுங்கள். டயல் கேஜைச் சக்கின் முகத்தில் பொருத்தி, முள் டெயில் ஸ்டாக் ஸ்லீவின் வெளிப்பக்கத்தைத் தொடும்படி வைத்துச் சக்கைக் கையால் சுற்றுங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதில் பாதி அளவு டெயில் ஸ்டாக்கைப் பக்க ஸ்க்ரூவால் நகர்த்துங்கள். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இருந்தால், அதில் பாதி அளவு பருமனுள்ள ஷிம் ஷீட்டை டெயில் ஸ்டாக்கின் உடலுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். ஸ்லீவ் வெளியே எவ்வளவு நீண்டிருக்கும்போது ரீமர் ஓடப் போகிறதோ, அவ்வளவு நீட்டி, பூட்டிவிட்டு அளவெடுங்கள்.

படிப்படியான துளை

முகப்பை லேசாக ஃபேஸ் செய்யுங்கள். 8 மி.மீ. டிரில், பிறகு 14 மி.மீ. டிரில், ஊடுருவ. எம்டி2 துளை 65 மி.மீ. ஆழத்தில் சுமார் 14.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால் 14 பாதுகாப்பானது. ஊடுருவிய துளை என்பதால் பின்பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியால் ஷாங்கைத் தட்டி எடுக்கவும் வசதி.

வாயில் 17.78, துளையோ 14. நடுவே உள்ள இரும்பை எல்லாம் ரீமரே தின்ன வேண்டும் என்று விட்டால் அதன் ஆயுள் அன்றோடு சரி. எனவே படிக்கட்டு போல எடுங்கள்: 15 மி.மீ. விட்டத்தில் 50 மி.மீ. ஆழம், 16-ல் 30 ஆழம், 17-ல் 10 ஆழம். எந்தப் படியும் முடிந்த டேப்பரைத் தாண்டாது, ஒவ்வொரு படியின் அடியிலும் ரீமருக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மீதம் இருக்கும்.

முதல் படியை டிரில்லால் எடுக்கலாம். 16, 17 இரண்டையும் கட்டாயம் போரிங் டூலால் எடுங்கள். டிரில் என்பது வழி தவறும் குணம் உள்ளது. முனை கூராக்கியதில் ஒரு பக்க உதடு கொஞ்சம் நீளமாக இருந்தால்கூட அந்தப் பக்கம் ஒதுங்கும். போரிங் டூல் அப்படி ஒதுங்காது, லேத்தின் அச்சு எங்கே இருக்கிறதோ அங்கேயே வட்டம் போடும். வாயில் 30 மி.மீ. தூரம் நேரான துளை இருந்தால் ரீமர் அதைப் பிடித்துக்கொண்டு போகும். போரிங் டூலின் தண்டு 10 மி.மீ. பருமன் என்றால் வெளியே நீட்டுவது 40 மி.மீ.-க்கு மேல் வேண்டாம், அதிர ஆரம்பிக்கும்.

உங்கள் லேத்தின் டாப் ஸ்லைடு போதிய தூரம் ஓடும் என்றால் டேப்பரையே போரிங் டூலால் முக்கால்வாசி எடுத்துவிடலாம். டாப் ஸ்லைடில் உள்ள டிகிரிக் கோடுகளை நம்ப வேண்டாம். நேரான டெஸ்ட் பார் ஒன்றைச் சென்டர்களுக்கு நடுவே மாட்டி, டயலை டூல் போஸ்டில் பொருத்தி, முள்ளைச் சென்டர் உயரத்தில் பக்கவாட்டில் பாரின் மேல் வையுங்கள். டாப் ஸ்லைடு 40 மி.மீ. நகரும்போது டயல் 1.00 மி.மீ. காட்டினால் கோணம் எம்டி2-க்குச் சரி. இது ரீமருக்கு மிகவும் கருணை செய்யும் முறை.

ரீமர்

ரீமர் இரண்டு வகை. ரஃபிங் ரீமரில் பற்களின் மேல் குறுக்கே வெட்டுகள் இருக்கும், சுருளை உடைத்துத் தள்ள. ஃபினிஷிங் ரீமரில் இருக்காது. இரண்டும் வேண்டும். சென்னை லிங்கிச் செட்டித் தெரு கடைகளில் இரண்டும் செட்டாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒவ்வொரு பல்லின் ஓரத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு சிறு உடைசல் இருந்தாலும் துளை முழுக்கக் கோடு விழும்.

ரீமரை டிரில் சக்கில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அதன் பின்முனையில் சிறிய சென்டர் துளை இருக்கும். டெயில் ஸ்டாக்கின் டெட் சென்டரை அதில் வைத்து அழுத்துங்கள். சதுர வாலில் டேப் ரெஞ்சை மாட்டி, அதன் கைப்பிடி சாடிலின் மேல் படிந்து நிற்கட்டும். ரீமர் சுற்றாது, சக் சுற்றும். இப்படி விடும்போது ரீமருக்கு மிகச் சிறிய அசைவுச் சுதந்திரம் இருக்கும், நேரான துளையைத் தானே தேடிப் போகும். ரெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்ட வேண்டாம். ரீமர் கடித்துக்கொண்டால் கைப்பிடி விரலை முறித்துவிடும்.

பேக் கியர் போட்டு இருப்பதிலேயே மெதுவான வேகம், 40 முதல் 60 சுற்றுக்குள். கட்டிங் ஆயில் தாராளமாக. இரண்டு மி.மீ. உள்ளே போனதும் ரீமரை வெளியே இழுத்து, பிரஷால் பற்களிலுள்ள சுருளைத் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, மறுபடி எண்ணெய் விட்டுத் தொடருங்கள். ஆழம் போகப் போகப் பற்களின் முழு நீளமும் இரும்பைத் தொடும், அப்போது ஒரு மி.மீ.-க்கு ஒரு தடவை எடுங்கள். சோம்பல் வரும் இடம் இதுதான். சுருள் அடைத்துக்கொண்டால் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே உருண்டு ஆழமான கோடு இழுக்கும், அதை ரீமரால் பிறகு எடுக்க முடியாது.

லேத்தை ரிவர்ஸில் ஓட்டவே ஓட்டாதீர்கள், கையாலும் பின்பக்கம் சுற்றாதீர்கள். பல்லின் முதுகில் சுருள் நசுங்கி, ஓரம் பொடிந்துவிடும். வெளியே எடுக்கும்போதும் சக் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க, டெயில் ஸ்டாக்கைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ரீமர் டெட் சென்டரை விட்டுக் கழன்று சக்கோடு சுற்ற வாய்ப்பு உண்டு. அதனால் நான் மோட்டாரை நிறுத்தி, சக்கை ஒரு கையால் முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டே மறு கையால் ரீமரை உருவி எடுப்பேன்.

கேஜ்

எம்டி2 பிளக் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நல்ல கம்பெனியின் புது ஷாங்க் ஒன்றில், தோளிலிருந்து 5 மி.மீ. தள்ளி மார்க்கர் கோடு போட்டு அதையே கேஜாக வைத்துக்கொள்ளலாம். தேய்ந்த ஷாங்க் வேண்டாம்.

துளை சூடாக இருக்கும்போது கேஜை விடாதீர்கள். சூட்டில் விரிந்த துளைக்குள் குளிர்ந்த கேஜ் கூடுதலாக இறங்கும், ஆறும்போது துளை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பனியன் வேஸ்டால் துளையைத் துடைத்து, கேஜை மெதுவாக உள்ளே விட்டு, லேசாக அழுத்துங்கள். கோடு முகப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வெர்னியரின் ஆழம் அளக்கும் முனையால் பாருங்கள். 3.2 மி.மீ. வெளியே இருக்கிறது என்றால் ரீமர் இன்னும் 3.2 மி.மீ. போக வேண்டும். ஒரேயடியாகப் போகாதீர்கள். டெயில் ஸ்டாக் ஸ்லீவின் மேல் ஒரு டயலைப் பொருத்தி, 2.5 மட்டும் போய் நிறுத்தி, மறுபடி கேஜ் விடுங்கள். கடைசி அரை மில்லிமீட்டரை ஃபினிஷிங் ரீமரால், மோட்டார் இல்லாமல், சக்கைக் கையாலேயே முன்பக்கமாகச் சுற்றி எடுங்கள். கோடு முகப்போடு சமமாகவோ, அரை மி.மீ. வெளியேயோ நிற்க வேண்டும். உள்ளே மறையக் கூடாது.

மறைந்துவிட்டால்? பதற வேண்டாம். கோடு 0.4 மி.மீ. உள்ளே போயிருந்தால், முகப்பை 0.4 மி.மீ. ஃபேஸ் செய்யுங்கள். வாய் பின்னுக்கு நகர்ந்து, கோடு சமமாகிவிடும். நேரான துளை பெரிதாகிவிட்டால் இந்த வழி இல்லை, டேப்பரில் மட்டும்தான் இது உண்டு. முகப்பில் முன்கூட்டியே ஒரு மி.மீ. கூடுதலாக வைத்துக்கொண்டு தொடங்குவது என் பழக்கம்.

புளூ

கோடு சரியான இடத்தில் நிற்பதால் மட்டும் டேப்பர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. என் முதல் ஹோல்டரிலும் கோடு சரியாகத்தான் நின்றது. டேப்பர் என்பது உராய்வால் பிடிப்பது. சுவரின் முழு நீளமும் தொட்டால்தான் டிரில்லின் முறுக்கைத் தாங்கும்.

கேஜின் மேல் நீளவாக்கில் மூன்று கோடாகப் பிரஷ்யன் புளூவைத் தடவுங்கள். மிக மெலிதாக, கோட்டின் ஊடே இரும்பு தெரியும் அளவுக்கு. தடிமனாகப் பூசினால் தொடாத இடத்திலும் ஒட்டிப் பொய் சொல்லும். கேஜை நேராக உள்ளே விட்டு, லேசாக அழுத்தி, கால் சுற்று திருப்பி, நேராக வெளியே இழுங்கள். இப்போது கேஜைப் பாருங்கள். முழு நீளத்திலும் கோடு கலைந்து பரவியிருந்தால் அருமை. முக்கால் பங்குக்கு மேல், அதுவும் வாய்ப் பக்கத்தையும் சேர்த்துத் தொட்டிருந்தால் வேலைக்குப் போதும். மெல்லிய முனையில் மட்டும் கலைந்து, தடித்த முனையில் கோடு அப்படியே இருந்தால் வாய் அகன்றுவிட்டது, டெயில் ஸ்டாக்கைப் பாருங்கள். தடித்த முனையில் மட்டும் கலைந்திருந்தால் துளையின் உட்பக்கம் பெரிதாகியிருக்கிறது. டாப் ஸ்லைடில் கோணத்தைக் குறைவாக வைத்துப் போரிங் செய்திருக்கிறீர்கள், ரீமர் இன்னும் உள்ளே முழுதாகத் தொடவில்லை. ஒரு பக்கமாக மட்டும் கலைந்திருந்தால் பெரும்பாலும் சுவரில் சுருள் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

புளூ சரியென்று சொல்லும்வரை ஜாபைச் சக்கிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்பக் கொண்டுவர அந்தச் செம்புக் கம்பி வேலை எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வாயின் கூர்மையை ஒரு சிறு சாம்ஃபரால் உடைத்துவிடுங்கள், அரை மி.மீ. போதும். அந்த ஓரத்தில் அடிபட்டு ஒரு பிசிறு கிளம்பினால் ஷாங்க் உட்காராது. துளையை மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, டிரில் சக்கின் ஷாங்கை உள்ளே விட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு. வெளிமுனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது.